ஒரு டெலீட்டும் முகையூர் தாய்மாமனும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என் வாய் இன்றுவரை பழகவில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் நான் ஒருமுறை யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அப்போது படிப்பை முடித்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டிவனத்தில் ஏழுமலை மாமாவின் பேனர் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று பேனர் டிசைன் செய்வேன். ஓய்ந்த நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதப் பழகுவேன். (கொடுக்கல் வாங்கல் நிபந்தனைகளைப் புரோகிராமாக எழுதி இணையத்தில் ஏற்றுவது. மாமாவுக்கு விளக்கியபோது, "பத்திரம் எழுதற வேலைன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.)

ஒரு கம்பெனி ஆன்லைன் இன்டர்வியூவுக்கு அழைத்தது. கடையில் நெட் நன்றாக இருக்கும் என்பதால் அங்கேயே உட்கார்ந்தேன். என் புராஜெக்ட் கம்ப்யூட்டரில் இருந்தது, புரோகிராம் எழுதும் எடிட்டரோ பிரவுசருக்குள் இருந்தது. இரண்டையும் இணைக்க ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டு, எந்த ஃபோல்டரைத் திறந்துவிடுவது என்று சொல்ல வேண்டும். என் ஃபோல்டர் இருக்கும் இடத்தை டைப் செய்தால், அவசரத்தில் பிழைமேல் பிழை. சனியன் ஒழிகிறது என்று கடையின் பேனர்களும் இருந்த மொத்த டி டிரைவையும் திறந்துவிட்டேன்.

இணைந்தது. எடிட்டரின் இடப்பக்கத்தில் என் புராஜெக்ட்டோடு திண்டிவனம் வட்டாரத்து விசேஷங்கள் அத்தனையும் வந்து வரிசையில் நின்றன. இன்டர்வியூ எடுத்த மேடம் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி ரேவதி, இந்த எடிட்டர்ல ஒரு ஃபோல்டரை அழிச்சா உங்க கம்ப்யூட்டர்ல என்ன ஆகும்?"

எனக்குத் தெரியாது. "ஒண்ணும் ஆகாது மேடம். பிரவுசர்ல தெரியறது வெறும் காப்பி. இதோ காட்டறேன்" என்றேன். முதலில் நின்ற 'அனிதா கல்யாணம்' ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அமுக்கினேன்.

மேடம் சொன்னார்: "இப்ப உங்க டிரைவைத் திறந்து பாருங்க."

திறந்தேன். அனிதா அங்கேயும் இல்லை. ரீசைக்கிள் பின்னிலும் இல்லை.

அனிதா காணை ஊர்ப் பெண். அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் அவளுக்கு வரவேற்பு, பேனர் இன்னும் பிரின்ட்டுக்கே போகவில்லை. எந்த உறவினர் எந்த வரிசையில், எந்த அளவில் என்று அவளுடைய சித்தப்பா என் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து முடிவு செய்திருந்தார். எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் கூடச் சமாதானம் சொல்லிவிடலாம். பேனரில் முகம் விட்டுப்போனால் உறவே விட்டுப்போகும்.

"மேடம், ஒரு கல்யாணம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தேன்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றபடி மாமா வந்தார். சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவருடைய போனிலும் படங்கள் இல்லை, இடம் போதவில்லை என்று அழித்துவிட்டிருந்தார். உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, போட்டோல்லாம் இன்னொரு தபா அனுப்புங்க. கிளாரிட்டி பத்தலங்க."

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேனில் வந்துகொண்டே சித்தப்பா போனில் பெயர்களைக் கத்தினார். ஹாரன் சத்தத்தில் பாதிதான் கேட்டது. நான் முகம் முகமாக ஒட்டினேன். பிரின்ட் எடுத்து, மண்டப வாசலில் ஏற்றி, கடைசிக் கயிற்றைக் கட்டும்போது மாமா கேட்டார்.

"முகையூரார் எங்கடி?"

முகையூரார் என்றால் பெண்ணின் தாய்மாமன். சீர்த்தட்டுகளோடு வழியில் வந்துகொண்டிருக்கிறவர். அவர் முகம் மட்டும் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு திரும்பினால், அந்தப் பெண் மேடையில் அழுதுகொண்டு நிற்பாள். அதை நினைத்து எனக்கே அழுகை வந்துவிட்டது.

"அப்புறமா அழு. ஜல்தி வா" என்று மாமா கடைக்கு இழுத்துப் போனார். ஆளுயரத்துக்கு மேல் ஒரு மிச்சத் துண்டு ஃப்ளெக்ஸ் கிடந்தது. கிடைத்த ஒரே படம் முகையூராரின் வாட்ஸப் படம்தான். கறுப்புக் கண்ணாடி போட்டு, டிராக்டர்மேல் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். டிசைன் செய்ய நேரமில்லை, பெயர் போடவும் நேரமில்லை. அப்படியே முழு அளவில் அடித்து வாசலில் நிறுத்தினோம்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "யாருங்க இவரு? எந்தக் கட்சி?"

மாமா முந்திக்கொண்டார். "பொண்ணு வூட்டுக் கட்சிங்க."

கார் வந்து நின்றது. முகையூரார் இறங்கினார், பேனரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "யாரு பண்ணது இத?"

மாமா, சொந்த அக்கா மகள் என்றும் பாராமல், என்னை முன்னே தள்ளிவிட்டார். "நான்தாங்க" என்றேன்.

"என் கண்ணாலத்துக்குக் கூட எனக்கு இப்டி யாரும் வெக்கலம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

சீர் கொண்டுவந்த எல்லோரையும் பேனருக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் படம் எடுத்த பிறகுதான் உள்ளே போனார். மேடையில் அனிதா காத்திருந்தாள். (முதலில் ஏற்றிய பேனரில் எலுமிச்சம்பழ அளவில் இருந்த சித்தப்பா அன்று சாப்பிடாமல் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.)

"கல்யாணம் நடந்ததா?" என்று மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. டிராக்டர் படத்தை அனுப்பி, நடந்ததைச் சொன்னேன். இன்னொரு இன்டர்வியூ கொடுத்தார். அங்கேதான் இப்போது வேலை செய்கிறேன்.

ஆனால் அன்றிலிருந்து காணை, முகையூர் பக்கம் தாய்மாமனுக்குத் தனி பேனர் இல்லாமல் கல்யாணமே கிடையாது. போன வருடம் விழுப்புரத்தில் என் நிச்சயதார்த்தம். மண்டபத்தில் போய் இறங்கினால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பேனர். ஏழுமலை மாமா, கறுப்புக் கண்ணாடியோடு, யாருடைய டிராக்டரிலோ.

"என் போட்டோ எங்க மாமா?"

"உன்னுதும் இருந்துச்சி பாப்பா. பிரவுசர்ல தொறந்து பார்த்துக்கினு இருந்தேன், பூடுச்சி. அத்த வுடு, என்னுது நல்லா கீதா?"