ரெண்டே கால் அளவு வளையலும் சௌந்திரத்தின் வலக்கையும்

கேளீர், கல்யாண மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி பிடிக்கும் நுண்ணறிவு படைத்த பெருமக்களே! பட்டு சரசரக்க, சரிகை பளபளக்க, தலையில் வைத்த மல்லிகை தோளில் புரள, செல்போனை உயர்த்திப் பிடித்துத் தம் எழிலைத் தாமே பதிவு செய்யும் தாய்மாரே! ஊசியின் காதுக்குள் ஒடுங்கியும் ஜாக்கெட் கொக்கியின் முனையில் நிமிர்ந்தும் பெண்டிரின் மானம் காத்துவரும் பெயரறியாத் தெய்வத்தை முதற்கண் வணங்கி, திருச்செங்கோட்டுத் திருமகள், போர்வெல் ரிக் வண்டி சென்றாயனின் இல்லாள், மாப்பிள்ளை கோகுல்ராஜின் உடன்பிறந்த ஒரே அக்காள், இணைச்சீர்க்காரி சௌந்திரம், ஒரு முகூர்த்தக் காலையில் தன் வலக்கையோடு தானே பொருது வென்ற வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். வாழ்க அவள் கை! வாழ்க அக்கையின் கட்டைவிரல் மூட்டு! அது மட்டும் இல்லாதிருந்தால் இந்த வரலாறே இல்லை.

இணைச்சீர் இன்னதென்று அறியாத அயல்நாட்டாருக்கு ஒரு சொல். கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுமுன் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தாளுக்கும் சேர்த்துச் செய்யும் சீர் அது. கூறைப்புடவை வைத்த மூங்கில் பேழையை இரு கையாலும் ஏந்தி அவள் தம்பியருகே நிற்கும் அந்தச் சில நிமிடம், மண்டபத்துக் கண்களும் கேமராக்களும், கூரையை முட்டிக்கொண்டு பறக்கும் அந்த ட்ரோனும், அவள் கைகளையே பார்க்கும். ஆம், கைகளை. போர் மூண்டது அங்கேதான்.

ராசிபுரத்து அறிவுமதி, மணப்பெண், வெறும் மணப்பெண் அல்லள். பட்டு நூல் சுற்றி, முத்துக் கோத்து, கல் பதித்து, வளையலும் கம்மலும் தன் கையாலேயே செய்து போன் வழியே ஊர் ஊராக அனுப்பும் கைவினைச் செல்வி. நிச்சயம் முடிந்த மறுவாரமே அவள் சௌந்திரத்தைப் போனில் அழைத்தாள்.

"நங்கை, உங்களுக்கு வளையல் அளவு என்னங்க?"

கணவனின் அக்காளை நங்கை என்பது இந்நாட்டு வழக்கு. அந்தச் சொல்லில் உருகிய சௌந்திரம், உருகிய நெஞ்சோடு ஒரு பொய் சொன்னாள்.

"எனக்கா? ரெண்டே கால்தான் சாமி. என் கல்யாணத்து வளையலே இன்னும் லூசா இருக்குது."

அந்தோ! அந்தக் கல்யாணத்து வளையல் பீரோவின் உள்ளறையில் பருத்தித் துணிக்குள் துயில்கொண்டு பல்லாண்டாயிற்று. சௌந்திரத்தின் இன்றைய அளவு ரெண்டரை. அதுவும் வெயிற்காலத்தில் ரெண்டரையே மூச்சு முட்டும். ஆனால் கூடப் பிறந்தவன் கட்டப்போகும் இளம்பெண்ணிடம் தன் மணிக்கட்டின் உண்மை வரலாற்றை ஒப்பிக்கும் பெண் காவிரியின் எக்கரையிலும் இன்னும் பிறக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வரவேற்பில், மேடையிலிருந்து இறங்கி வந்து, அத்தையோடு நின்ற சௌந்திரத்திடம் அறிவுமதி தானே ஒரு பெட்டியைக் கொடுத்தாள். திறந்ததும் கண் கூசிற்று. கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பை அப்படியே அள்ளியெடுத்த பட்டு நூல். அம்மாபேட்டைத் தறியில் மிஞ்சிய சரிகைத் துணுக்கைத் திரித்து இடையிடையே ஓடவிட்ட பொன்கோடு. ஓரத்தில் நெல்மணி போல் நெருங்கிய முத்துக்கள். நடுவே மாதுளை விதையென ஒரு சிவப்புக் கல். கைக்கு ஒன்றாக இரண்டு அகல வளையல்கள்.

"நாளைக்குச் சீருக்கு இதத்தான் நீங்க போட்டுக்கோணும் நங்கை. கடைக்குச் செய்யற மாதிரி செய்யலீங்க, பாத்துப் பாத்துச் செஞ்சனுங்க."

அவள் கண்ணைப் பார்த்த சௌந்திரத்துக்குப் பழைய காயம் ஒன்று சுருக்கென்றது. தான் மருமகளாய்ப் போன புதிதில், சென்றாயனின் தங்கைக்கு ஆசை ஆசையாய் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள் அவள். பத்து நாள் கழியவில்லை. பால்காரி அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்து இவளுக்கே பால் ஊற்றினாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாத்தனாரிடம் சௌந்திரம் சிரித்துத்தான் பேசுகிறாள். பல் மட்டுந்தான் சிரிக்கிறது. தன் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அப்படி ஒரு பால்காரியைத் தான் காட்டிவிடக் கூடாது என்பது அவள் உறுதி. ஆகவே அறிக: போர் வளையலுக்காக அன்று, ஒரு புதுப்பெண்ணின் முகம் முதல் நாளிலேயே சுருங்காமல் இருப்பதற்காக.

பொழுது விடிந்தது. மாப்பிள்ளை அறையில், சுவர்க் கண்ணாடிக்கு முன், நீலக் கரை போட்ட பட்டுடுத்து, ஆரி வேலைப்பாட்டு ஜாக்கெட்டின் இரு தோளிலும் இரு மயில்கள் தோகை விரிக்க, நெற்றியில் பொட்டும் நெஞ்சில் துணிவுமாய்ச் சௌந்திரம் கட்டில் விளிம்பில் அமர்ந்தாள். முதலில் இடக்கையை நீட்டினாள். இடக்கை இயல்பிலேயே சாது. சோற்றுக்கும் சண்டைக்கும் முந்தாதது. ஐந்து விரலையும் குவித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துப் பணிந்தது. சற்றே முனகல், சற்றே எரிச்சல், வளையல் ஏறிவிட்டது. அறையில் மங்கலக் குலவை ஒன்றுதான் குறை.

அடுத்து வலக்கை. அம்மி அரைத்த கை. குடம் தூக்கிய கை. ரிக் வண்டி ஆட்களுக்கு அண்டா அண்டாவாய்ச் சோறு கிளறிய கை. உறவினர் கன்னத்தைப் பாசத்தோடு கிள்ளிச் சிவக்கவைத்த கை. அதன் கட்டைவிரல் அடிமூட்டு, நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்கும் கோட்டையைப் போல, எப்பக்கம் வந்த படைக்கும் வழிவிடாது எழுந்து நின்றது. வளையல் வந்தது. நகக்கண்களைக் கடந்தது, விரற்கணுக்களைக் கடந்தது, வெற்றி முரசு கொட்டும் நேரத்தில் மூட்டின் அடிவாரத்தில் மோதி நின்றது. தள்ளினாள், அசையவில்லை. பல்லைக் கடித்துத் தள்ளினாள், பல்தான் வலித்தது.

அவ்வேளை கதவைத் திறந்துகொண்டு நுழைந்தாள் சுப்பம்மாள். தாய்மாமன் பெண்டாட்டி, சௌந்திரத்துக்கு அத்தை, எவர் வீட்டு விசேஷத்திலும் எவர் புடவையில் எங்கே இழை ஓடியிருக்கிறது என்று தொலைவிலிருந்தே கண்டறியும் கழுகுக்கண்ணி.

"ஏன் அம்மிணி, கை பெருத்துப் போச்சா, வளையல் சுருங்கிப் போச்சா?"

"நேத்து ராத்திரி ஊறுகா சாஸ்தி தின்னுட்டனுங்க அத்தை. உப்பு சேந்து வீங்கிக்கிச்சு."

"அப்ப பத்து வருசமா ஊறுகாதான் திங்கற போ. சோப்பு போடு, வழுக்கிக்கிட்டு எறங்கும்."

"அய்யோ, இது பட்டு நூலுங்க! தண்ணி பட்டாச் சாயம் போயிரும்."

சோப்பு என்னும் ஆயுதம் உறையிலேயே வைக்கப்பட்டது. விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் அவ்வாறே நாடு கடத்தப்பட்டன. அப்போது, பட்டு வேட்டி இடுப்பில் நில்லாமல் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே, படைத்துணையாய் வந்து சேர்ந்தான் கணவன் சென்றாயன். ஆயிரம் அடி ஆழத்துப் பாறையைத் துளைத்து நீர் கண்டவன் ஆதலின், ஓட்டைக்குள் ஒன்றை இறக்குவது பற்றித் தன்னினும் அறிந்தார் எவருமில்லை என்ற பெருமிதத்தோடு நிலைமையைக் குனிந்து நோக்கினான்.

"கேசிங் பைப் எறங்குலீன்னா மேலருந்து அமுக்கப்படாது அம்மிணி. திருகித் திருகி எறக்கோணும்."

திருகினான். சௌந்திரம் எழுப்பிய ஒலி கீழே மண்டபத்து நாதஸ்வரத்தையே ஒரு நொடி சுருதி தவறச் செய்தது.

"வண்டியில கிரீஸ் டப்பா இருக்குது, எடுத்தாரட்டா?"

"கிரீஸா? நீங்க அந்த ரிக்குலயே போயி ஒக்காந்துக்கங்க! இந்தப் பக்கமே வராதீங்க!"

ஆணை பிறந்தது, வேட்டியைப் பிடித்தபடியே படைத்துணை பின்வாங்கிற்று. அதே கணம் ஒலிபெருக்கி கனைத்தது. சீர் நடத்தும் அருமைக்காரர் பச்சமுத்துவின் குரல், ஊழிக்காலத்து இடிபோல் மாடிப்படி ஏறி வந்தது:

"இணைச்சீர்க்காரி எங்கீங்க? வாங்க சாமி, நேரமாகுதுங்கோ!"

அறை அதிர்ந்தது. சுப்பம்மாளின் உள்ளமும் சற்றே அசைந்தது. மேசைமேல் கிடந்த தங்க வளையல்களை எடுத்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்கிட்டுப் போ கண்ணு. அந்த நூல் வளையல ஆரு பாக்கப் போறா?"

சௌந்திரம் தங்கத்தைப் பார்த்தாள். வழுவழுவென்று, அகலமாய், ரெண்டரை அளவில், தாய்மடி போல் அழைத்தது அது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் விரல்கள் அதன் பக்கம் சாய்ந்தன. பிறகு மடங்கின.

"அந்தப் புள்ள பாக்குமுங்க அத்தை."

 சுப்பம்மாள் தங்கத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று கிடந்தது. அதற்குள் இருந்த புது வேட்டியைச் சுற்றியிருந்த மெல்லிய பாலிதீன் உறையை ஒரே இழுப்பில் உருவினாள். வேட்டி ஒருபுறம் பறந்தது. உறை அவள் கையில் கொடிபோல் படபடத்தது.

"கையக் குடு இப்பிடி."

கொடுத்தாள். அந்தக் கைமேல் உறையைப் போர்த்தி, விரல்களைக் குவித்து, வளையலை அதன்மேல் வைத்து, ஒருகாலைக் கட்டிலில் ஊன்றி, சுப்பம்மாள் உறையின் வாயைத் தன் பக்கம் இழுக்க, சௌந்திரம் வளையலை முழங்கைப் பக்கம் தள்ள, வைகாசித் தேரை நிலைபெயர்க்க வடம் பிடித்த ஊர்ப்பெருங்கூட்டம் போல் அவ்விருவரும் மூச்சடக்கி முயன்ற அந்தக் கணத்தை எங்ஙனம் உரைப்போம்! ஜாக்கெட் மயில்கள் தோகை சுருட்டின. கொண்டையூசிகள் நழுவின. பொட்டு வியர்வையில் மிதந்து புருவம் நோக்கிப் புறப்பட்டது.

"இழுங்க அத்தை!"

"இழுத்துக்கிட்டுத்தாண்டி இருக்கறேன்! மூச்ச உடாத!"

மூட்டு முரண்டிற்று. வளையல் வெகுண்டது. பாலிதீன் வழுக்கிற்று. 'சர்ர்' என்றோர் ஓசை, 'அம்மா' என்றோர் ஓலம். உறை கிழிந்து, சுப்பம்மாள் பின்னே போய்ப் பீரோவில் மோதி நின்றாள். மணிக்கட்டிலோ, சாயம் குலையாமல், முத்தொன்றும் உதிராமல், கோட்டை ஏறிய கொடியென, சிவப்புக் கல் மின்ன வீற்றிருந்தது வளையல். கீழே கைதான் பழுத்த தக்காளி போல் இருந்தது. மூட்டின் இருபுறமும் தோல் வழன்றிருந்தது.

"போ. கைய ஆட்டாம போ," என்றாள் சுப்பம்மாள், மூச்சு வாங்க. புருவத்துக்குப் போன பொட்டைத் தன் கட்டைவிரலால் நடுநெற்றிக்குக் கொண்டுவந்து சேர்த்து அனுப்பினாள்.

சென்றாள் வீராங்கனை. படியிறங்கினாள், மேடையேறினாள், பேழையை வாங்கினாள். மூங்கில் விளிம்பு வீங்கிய கையில் பட்ட மாத்திரத்தில் இரு கண்ணும் குளமாயின. சபை நெகிழ்ந்தது. "தம்பி மேல என்னா பாசம் பாருங்க" என்று முன்வரிசை மூக்குறிஞ்சிற்று. மாப்பிள்ளை கோகுல்ராஜ் அக்காள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அழுவாதக்கா. நான் எங்க போயிரப் போறேன்?"

"நீ நேராப் பாருடா," என்றாள் அக்காள், பற்களுக்கிடையே.

சீர் முடிந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. தாலி ஏறியது. அட்சதை மழையில் மணமக்களின் பின்னே நின்ற சௌந்திரம், வலக்கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, இனி எல்லாம் நலமே என்று மூச்சு விட்டாள். அப்போது, புதுத்தாலி நெஞ்சில் ஊசலாட, அறிவுமதி மெல்லத் தலையைத் திருப்பினாள். அவள் கண் முந்தானை விலகிய இடத்தில் விழுந்தது. வளையலைக் கண்டாள், முகம் மலர்ந்தது. கையைக் கண்டாள், மலர்ந்த முகம் திகைத்தது.

"நங்கை, இத எப்பிடீங்க போட்டீங்க?"

"எப்பிடியா? அப்பிடியே போட்டேன் சாமி. லூசாத்தான் இருக்குது."

பெண் சாடை காட்ட, சௌந்திரம் குனிந்தாள். தோழிமார் கூந்தலைச் சரிசெய்வதாய் நினைத்து விலகினர். அட்சதை ஒட்டிய உதடுகள் சௌந்திரத்தின் காதருகே அசைந்தன.

"அதுல திருகு இருக்குதுங்க நங்கை. கல்லுக்குப் பக்கத்து முத்தத் திருகுனா வளையலு ரெண்டாத் தொறந்துக்கும். நேத்தே சொல்லியிருப்பனுங்க, உங்க அத்தை பக்கத்துலயே நின்னாங்க."

சௌந்திரம் அந்த முத்தைத் தடவிப் பார்த்தாள். பெண் தொடர்ந்தாள், சிரிப்பை அடக்கி, குரலை இன்னும் தாழ்த்தி.

"எங்கிட்ட வாங்கறவங்க எல்லாருமே ரெண்டே கால்னுதானுங்க சொல்லுவாங்க. அதனால நான் எல்லாத்துக்கும் திருகு வெச்சுத்தானுங்க செய்யறது."

இடி விழுந்ததோ, இமயம் சரிந்ததோ, எட்டுத் திக்கிலும் யானைகள் ஒருசேரப் பிளிறினவோ, நாம் அறியோம். நாதஸ்வரம் ஓயாது ஒலித்தது, ட்ரோன் தலைக்குமேல் ரீங்கரித்தது, புதுப்பெண்ணும் அவள் நங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி எதற்கோ சிரித்ததை மட்டும் ஆல்பத்தின் அட்டைப் படமாக்கத் தக்கதென்று உணர்ந்த புகைப்படக்காரர் ஓடோடி வந்து பதிவு செய்தார்.

பந்தியில் சௌந்திரம் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.