மழைக்குப் பயந்த ஆழ்கடல் கடிகாரம்

நம் மாவட்டத்தில் ஓர் இனம் பெருகிவருகிறது. ஆழ்கடல் கடிகாரக்காரர் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அடையாளம் காண்பது எளிது. இடது கைச் சட்டை மட்டும் வலது கையைவிட இரண்டு மடிப்பு மேலே ஏறியிருக்கும். வடசேரிச் சந்தையில் வலது கை சும்மா தொங்க, இடது கைதான் கத்தரிக்காய் பொறுக்கும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதும் அந்தக் கையே. கும்பிடு போட்டால்கூட இடது மணிக்கட்டு ஓர் அங்குலம் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் மணி கேட்கவே வேண்டாம், அவராகவே சொல்வார். மணியை அல்ல, ஆழத்தை.

"முந்நூறு மீட்டர்!"

கடலுக்கடியில் அவ்வளவு ஆழம் போனாலும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதாம். முக்குளிப்பவர்களுக்கென்றே செய்ததாம். செய்தது யார்? கடலே இல்லாத சுவிட்சர்லாந்துக்காரர். வாங்கியது யார்? அருமனையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஷாஜன். அவருக்கு நீச்சல் தெரியாது.

இந்த இனத்தை ஒட்டுமொத்தமாக விவரிப்பதைவிட ஷாஜன் ஒருவரைப் பார்த்தால் போதும்; மற்றவர்கள் எல்லாம் அவருடைய நகல்கள். வாங்கிய புதிதில் கடியப்பட்டணம் கடற்கரைக்குப் போனார். கடிகாரத்துக்குக் கடலைக் காட்ட வேண்டும் அல்லவா? ஓர் அலை கொஞ்சம் துடிப்பாக ஏறி வந்தது. மனிதர் கால்சட்டையைத் தூக்கவில்லை, செருப்பைத் தேடவில்லை. இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு பின்பக்கமாகவே ஓடினார். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் அவர் யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாண வீட்டில் கை கழுவுமுன் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைப்பார். குளிக்கப் போனால் அது பீரோவுக்குள் மனைவியின் பட்டுச்சேலை நடுவே படுத்திருக்கும். கடிகார முகத்தைச் சுற்றி ஒரு வளையம் சுழலும். மூழ்கியவருக்கு இன்னும் எத்தனை நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது என்று கணக்குப் பார்க்க ஏற்பட்டது அது. ஷாஜன் ஞாயிறுதோறும் போதகர் பிரசங்கம் தொடங்கியதும் அதைத் திருப்பி வைப்பார். சிலநேரம் அது சரியான பயன்தான்.

கேலி செய்வதற்காகப் பொய் சொல்லக் கூடாது. வேலைப்பாடு மெய்யாகவே நல்ல வேலைப்பாடு. கண்ணாடியில் கீறல் விழாது. இருட்டில் முட்கள் பச்சையாக ஒளிரும். உள்ளே பேட்டரி இல்லாமல் கை அசைகிற அசைவிலேயே ஓடும். ஆனால் குளச்சல் கடைத்தெருவில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரம் அதைவிடத் துல்லியமாக மணி காட்டும். இதை ஷாஜனிடம் சொல்லிப் பாருங்கள். "மணி பார்க்கதுக்கா வேய் இதை வாங்குதது?" என்பார். பின்னே எதற்கு என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். முதலீடு என்பார். மகன் காலத்துக்கும் நிற்கும் என்பார். தங்கம் தோற்றுப்போகும் என்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, காதருகே வந்து, விலையைச் சொல்வார்.

ஐந்து லட்சத்து அறுபதாயிரம்.

ஷீட் கடைக்கு வருகிறவர், சலூன்காரர், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் சத்தியநேசன் எல்லோருக்கும் இந்த விலை தெரியும். தெரியாதவர் ஊரில் ஒரே ஒருத்தி. ஷாஜனின் மனைவி ஜெபகுமாரி.

இந்த இனத்தின் உயிர்நாடியே இதுதான். உலகம் முழுக்க விலையை அறிய வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் அறியக் கூடாது. ஜெபகுமாரி கேட்ட அன்று ஷாஜன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: "எனக்க கூட்டாளி பெனிஷ் துபாயிலேருந்து வரும்போ கொண்டு வந்தான். ரெண்டாயிரத்து ஐநூறு. போனா போட்டு, வேற ஒண்ணு வாங்கலாம்." அவளும் நம்பினாள். ஏன் நம்பினாள்? அடுக்களைக் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. சட்டிகளை வரிசையாக வைத்துத்தான் சமைக்கிறாள். கூரை மாற்றக் கேட்கும்போதெல்லாம் ஷாஜன் ரப்பர் விலை விழுந்த கதையைச் சொல்வார். அப்படிப்பட்டவர் கடிகாரத்துக்கு வேறு என்ன கொடுத்திருக்க முடியும்?

அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். அன்று சபையார் தங்கள் விளைச்சலில் நல்லதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயில் முற்றத்துப் பந்தலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். கடவுளுக்குப் போகிற பணம் என்பதால் யாரும் சந்தை விலை பார்ப்பதில்லை. ஒரு எலுமிச்சை நூறு ரூபாய்க்குப் போகும். ஜெபகுமாரி ஒரு ஏத்தன் வாழைக்குலை நேர்ந்திருந்தாள். முந்தின நாள் காற்றில் வாழை நடுவில் முறிந்து, குலை சேற்றில் விழுந்து சிதைந்துபோயிற்று.

பண்டிகையன்று காலையிலும் நல்ல மழை. ஷாஜன் கமிட்டிக்காரர், பந்தலுக்குத் தார்ப்பாய் கட்ட முன்னதாகவே போக வேண்டும். கடிகாரத்தை எடுத்தார், சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார், திரும்பப் பீரோவில் வைத்தார். முந்நூறு மீட்டர் ஆழத்துக்குப் பயப்படாத பொருள் அருமனை மழைக்குப் பயந்து வீட்டில் தங்கியது.

மதியம் ஏலம் தொடங்கியது. ஏலம் போடுகிறவர் தங்கையன்; ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த சபைக்குக் கேட்கும் குரல். பலாச்சக்கை போனது, மரச்சீனிக் கிழங்கு போனது, ஒரு சேவல் சிறகடித்து மேசையை அசுத்தம் செய்துவிட்டு ஆயிரத்து எண்ணூறுக்கு சத்தியநேசனிடம் போனது. பிறகு தங்கையன் ஒரு கைக்குட்டை மூட்டையைப் பிரித்தார்.

"அடுத்தது ஒரு கைவாச்சு! காணிக்கை, ஷாஜன் ஜெபகுமாரி குடும்பத்தார்!"

ஷாஜனுக்குக் காது அடைத்தது. பெண்கள் பக்கம் திரும்பினார். குலைக்குப் பதிலாக ஏதாவது கொடுத்தோமே என்ற நிறைவில் ஜெபகுமாரி புன்னகை செய்தாள். அவர் சொன்னதுதானே, போனால் போகட்டும் என்று?

இப்போது மனிதரின் நிலையைப் பாருங்கள். பொருளைத் திரும்ப எடுத்தாக வேண்டும். உண்மை விலை தெரிந்தவர்கள் பந்தல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்; அவரே காதோடு காதாகச் சொல்லி வைத்தது. அவர்கள் ஏற்ற ஏற்ற இவரும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஜெபகுமாரி கேட்பாள், ரெண்டாயிரத்து ஐநூறு வாச்சுக்கு எதுக்கு இந்தப் பாடு என்று.

"ஐநூறு!" என்று தொடங்கினார் தங்கையன்.

"அறுநூறு," என்றார் ஷாஜன்.

"எழுநூறு," என்றார் சத்தியநேசன், சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி.

"ஆயிரம்!" என்றார் ஷாஜன்.

ஷாஜன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சலூன்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஆயிரம், ஒரு தரம்!"

தப்பித்தார். பொருளும் பிழைத்தது, ரகசியமும் பிழைத்தது. வேறு எந்த இனத்து மனிதனாக இருந்தாலும் இந்த இடத்தில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் சத்தியநேசன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஷாஜன் காதில் விழுந்தது.

"டூப்ளிகேட்டுக்கு ஆயிரமே கூடுதல் மக்கா. எனக்க சேவல் தேவலாம்."

"ரெண்டு தரம்!"

டூப்ளிகேட்டா? அப்படியென்றால் இத்தனை நாளும் காதருகே குனிந்து சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லையா? தலையாட்டியதெல்லாம் மரியாதைக்கா? சேவலுக்குக் கீழா?

ஷாஜன் எழுந்து நின்றார்.

"ஆரு வேய் டூப்ளிகேட்டுன்னு சொன்னது? ஒரிஜினல் சுவிஸ்! அஞ்சு லட்சத்து அறுபதாயிரம் எண்ணிக் கொடுத்தேன்! பில்லு இருக்கு, பாக்கணுமா?"

தங்கையனுக்கே குரல் வரவில்லை. சேவல் ஒருமுறை கொக்கரித்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை நிதானமாக உயர்ந்தது.

"ஆயிரத்தி ஒண்ணு," என்றாள் ஜெபகுமாரி.

தங்கையன் ஷாஜனைப் பார்த்தார். பந்தலே பார்த்தது. இன்னும் ஒரு ரூபாய், அவ்வளவுதான். லட்சங்களை உரக்கச் சொன்ன வாயால் ஆயிரத்து இரண்டு என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஜெபகுமாரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரத்தி ஒண்ணு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

வீட்டுக்கு வந்ததும் ஷாஜன் மெல்லக் கேட்டார். "ஏட்டி, அதைத் தா. பீரோவுல வைக்கேன்."

"எதுக்கு? ஏலத்துல எடுத்தது எனக்க சாமான். கோயில் ரசீது இருக்கு, பாக்கணுமா?" என்றாள். "அடுக்களைக்குப் புதுக் கூரை போடுங்க. போட்ட அன்னைக்கு வாச்சைத் தாரேன்."

அன்று முதல் அது அவள் கையில் இருக்கிறது. கழற்றுவதே இல்லை. அதோடுதான் துணி துவைக்கிறாள், சாளை மீனைச் செதில் போகக் கழுவுகிறாள், ஒழுகும் கூரைக்கடியில் நின்று குழம்பு கிண்டுகிறாள். சட்டியில் சொட்டுகிற தண்ணீர் அதன் மேலும் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஷாஜன் வாசற்படியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் பொய் சொல்லவில்லை என்பது ஒரு மீன்சட்டியில் நிரூபணமாயிற்று. கொடுத்த விலைக்கு அது வேலை செய்யத் தொடங்கியதே இப்போதுதான்.

நேற்று வடசேரியில் ஷாஜனைப் பார்த்தேன். கூரைத் தகடு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். இடது கைச் சட்டை இறங்கியிருந்தது. மணி கேட்டேன். பழக்கத்தில் கையை உயர்த்தி, மணிக்கட்டில் வெளுத்துக் கிடந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, கையை இறக்கிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஆழ்கடல் கடிகாரம் கிடையாது. நல்லது. அந்தக் கேமராவுக்கு வீட்டில் என்ன விலை சொன்னீர்கள்? அலுவலக நண்பரிடம் சொன்ன அதே விலையா? செருப்புக்கு? தூண்டிலுக்கு? யோசித்து வையுங்கள். முக்கியமாக, உங்கள் சபையிலோ கோயிலிலோ அடுத்த ஏலம் என்றைக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று மழை பெய்தால் எதையும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.