பத்திரம் அண்ணாச்சியின் பூட்டிய புத்தகங்கள்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அச்சடித்த எதையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பத்திரம் அண்ணாச்சி. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்து முடித்து, இறங்க வேண்டிய காரியாபட்டியை விட்டுவிட்டு மதுரையில் போய் இறங்கியவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், பெண் வீட்டு முகவரியில் தெருப் பெயர் விட்டுப்போனதைச் சொல்லிவிட்டுத்தான் சந்தோஷப்படுவார்.

திருச்சுழியில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எம்.ரெட்டியபட்டியில் ஒரு புஞ்சைக் கிரையத்தில், வரப்பில் நிற்கிற வேப்பமரம் யாருக்கு என்று முடிவாகவில்லை என்பதற்காக வாங்குகிறவரையும் விற்கிறவரையும் உச்சி வெயிலில் மரத்தடிக்கே அழைத்துப் போய்ப் பஞ்சாயத்து வைத்தார். படித்துப் பார்க்காமல் கைநாட்டோ கையெழுத்தோ போடப் போனவனை அவர் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

இப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு டேப்லெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். உள்ளே காசு கொடுத்து வாங்கிய மின்புத்தகங்கள் நூற்றுக்கு மேல். விற்ற கம்பெனி, மாதக் கடைசியோடு தன் செயலியை மூடப்போவதாக அறிவித்திருந்தது.

"இந்த வீட்டை இடிக்கப் போறானாம் தம்பி. சாமானை வேற வீட்டுக்கு மாத்திக் குடு" என்றார்.

புத்தகங்கள் எல்லாம் அவர் மனைவிக்காக வாங்கியவை. பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலிருந்த புத்தகங்களில் பாதியைக் கறையான் தின்றது. மீதியைப் படிக்க விடாமல் சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றது. டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார். அந்த அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரில் வேறொரு நூலகச் செயலியைப் போட்டு, புத்தகங்களை அதற்கு மாற்றினேன். அட்டைகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தேன். பூட்டப்பட்ட நூல், திறக்க இயலாது என்றது. நூற்றுச் சொச்சமும் அப்படியே.

"கிரையம் பண்ணுன வீட்டுக்கு வித்தவன் பூட்டுப் போடுவானா?" என்றார். விதிமுறைகளை எடுத்துத் தரச் சொன்னார். முப்பது பக்கத்துக்கு மேல். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும் வரை படித்தார். விற்றதாக அதில் எங்குமே இல்லை. வாசிக்க மட்டும் அனுமதி, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்றுதான் இருந்தது. அடியில், ஒப்புக்கொண்டவர் என்று அவர் பெயர்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவளுக்குத் தாங்க முடியாத வலி. படிக்க எதாச்சும் வேணும்னு கேட்டா. சம்மதம்னு இருந்த பட்டனை அமுக்கிட்டேன். ஊருக்கெல்லாம் படி படின்னேன், நான் படிக்கலியே தம்பி."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதம், இரு தரப்பார், தகப்பனார் பெயர், இருப்பிடம் எல்லாம் சேர்த்து நாலு பக்கம். ஈமெயிலில் அனுப்பியதும், உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி என்று நொடியில் தானியங்கிப் பதில் வந்தது. அதையும் அவர் இரண்டு தடவை படித்தார். பூட்டை உடைக்கத் தெரிந்த ஆள் மதுரையில் இருக்கிறான் என்றேன். வாங்கிய பொருளைக் களவாண்ட பொருளாக மாற்றுவதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டு என் வாயை அடைத்தார்.

அதே கதைகளை வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "கதை கெடக்கு கழுத" என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வரிகளில் மஞ்சள் கோடு. பக்கத்தில் டீச்சர் தட்டிய குறிப்பு. 'இவனுக்கு ரெண்டு போட்டிருந்தா கதை மூணாம் பக்கத்துல முடிஞ்சிருக்கும்.' இன்னொரு இடத்தில், 'இந்தாளு எங்க வீட்டு மனுசன் மாதிரியே பேசுறான். விளங்குன மாதிரிதான்.' செயலியை மூடினால் இவ்வளவும் போய்விடும்.

டேப்லெட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருப்பாகத்தான் வந்தது. போனில் போட்டோ எடுக்கலாம் என்றதற்கு அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. கையால் எழுதி, சாட்சி போட்டால்தான் அது ஆவணமாம். அந்தப் பிடிவாதத்துக்குத் தலையாட்டிய என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். தினமும் நான் வாசிக்க, அவர் பத்திரம் எழுதும் பச்சைத் தாளில் எழுதினார். 'மேற்படி பக்கத்தில் மேற்படியாள் எழுதி வைத்தது யாதெனில்' என்று ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். அந்த அம்மா அவரை வைத வசவையும் அட்சரம் பிசகாமல் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசி வந்தது. ஒரு புத்தகம் பாக்கி. நாளை முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். காலையில் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை.

அவர் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு தாளை எடுத்து, முந்தின நாளே குறித்து வைத்ததுபோல் டீச்சர் பெயரில் நாலு குறிப்பு எழுதினேன். 'அருமையான இடம்', 'மனசைத் தொட்டுவிட்டது', இந்த மாதிரி.

அண்ணாச்சி வந்தார். வெள்ளைத் திரையைப் பார்த்தார். தாளை வாங்கி, கடைசிப் புள்ளி வரை படித்தார்.

"அவ எதையும் நல்லாருக்குன்னு சொன்னதே இல்லியே தம்பி" என்றார். "எங்க கல்யாணத்தையே சொன்னதில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தாளைக் கிழிக்கவில்லை. என் பேனாவை வாங்கி, கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டினார்.

நாற்பது வருஷத்தில் அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பொய்ப் பத்திரம் அது ஒன்றுதான். அதைவிடப் பெரிய மரியாதையை இந்த ஊரில் வேறு யாரும் எனக்குச் செய்ததில்லை.