ஒரு நாள் பின்தங்கிய கைக்கடிகாரம்

"இன்னிக்குத் தேதி ஒன்பதுதானே?" என்று கடிகாரம் பழுதுபார்ப்பவர் தன் மணிக்கட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"பத்து" என்றார் ரசீதுக்குக் கை நீட்டிய வாடிக்கையாளர்.

வாடிக்கையாளர் சொன்னதுதான் சரி. போன மாதத்துக்கு முப்பதே நாள். சாவி கொடுக்கிற கடிகாரத்துக்கு அதெல்லாம் தெரியாது. முப்பத்தொன்றைக் காட்டிவிட்டுத்தான் ஒன்றுக்கு வரும். நாம்தான் தேதியை ஒரு நாள் முன்னே தள்ளி வைக்க வேண்டும். முதல் தேதியன்று கடையிலிருந்த அத்தனை கடிகாரங்களுக்கும் தள்ளி வைத்த புண்ணியவான், தன் கையிலிருந்ததைக் கோட்டை விட்டுவிட்டார்.

கிரெடிட் கார்டு பில்லுக்குக் கடைசித் தேதி ஒன்பது.

கார்டு மனைவி பேரில். பில் அவள் போனுக்கு வரும். தொகையை அவள் சொல்வாள், இவர் கட்டுவார். போன வருஷம் வரிசையாக மூன்று மாதம் லேட் ஃபீஸ் விழுந்ததும், "விடுங்க, இனி நானே கட்டிக்கறேன்" என்றாள். வீட்டில் மற்ற எல்லாமே அவள் பொறுப்புதான். இதுவும் போனால் அந்த வீட்டில் தான் எதற்கு என்று இவருக்குத் தோன்றிவிட்டது. "ஒரு வருஷம் டைம் குடு. ஒரு தடவை தவறினாலும் நீயே எடுத்துக்கோ" என்று சபதம் போட்டார். அவர் கணக்கில் பதினோரு மாதம் ஜம்மென்று போயிற்று. இது பன்னிரண்டாவது.

அவசர அவசரமாகப் பணத்தைக் கட்டினார். கட்டிய பிறகுதான் உறைத்தது. லேட் ஃபீஸ் விழுந்த செய்தி அவள் போனுக்கல்லவா போகும்? கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் போன்ல டைம் தப்பாக் காட்டுது. குடு, சரி பண்ணித் தரேன்."

"அதுல டைம் தானா வருமேங்க."

"தானா வர்றதுலதான் தப்பே வரும். முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்னவோ பண்ணுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டு மறுபடி சட்டைக் காலர் மேல் குனிந்துகொண்டாள்.

கடைக்கு வந்து ரகசிய எண்ணை ஊகித்துப் பார்த்தார். கல்யாண நாளைப் போட்டார், திறக்கவில்லை. தன் பிறந்த நாளைப் போட்டார், அதுவும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மகளின் பிறந்த நாளைப் போட்டதும் போன் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இனி லேட் ஃபீஸையும் மறைக்க வேண்டும், போனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

தன் போனிலிருந்து வங்கியின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சார் பேசணும்."

"பக்கத்துலதான் இருக்கா, குடுக்கறேன்."

மனசுக்குள் மூன்று வரை எண்ணினார். தொண்டையைச் செருமி, குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டார். "ஹலோ, நான்தாங்க பேசறேன்."

"கார்டு நம்பரும் பிறந்த தேதியும் சொல்லுங்க மேடம்."

பில் கட்டுவதற்காகக் குறித்து வைத்திருந்த கார்டு நம்பரைப் பார்த்துப் படித்தார். பிறந்த தேதியைப் பார்க்காமலே சொன்னார். எதை மறந்தாலும் அவள் பிறந்த நாளை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

"அந்த லேட் ஃபீஸை மட்டும் எடுத்துடுங்கம்மா. எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரு. பாவம், வேலை மும்முரத்துல தேதி தவறிப்போச்சு."

இதைச் சொல்லும்போது அவருக்கே தன் மேல் இரக்கம் பொங்கிற்று. அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"மேடம், அதைத்தான் காலைலயே பேசி முடிச்சிட்டோமே. இந்த வருஷத்துல இது நாலாவது தடவை, தள்ளுபடி கிடையாதுன்னு சொன்னதும் எப்பவும் போல அந்த ஃபீஸை நீங்களே கட்டிட்டீங்க. 'அவருக்குத் தெரிய வேண்டாம், பன்னெண்டு மாசமும் அவரே ஜெயிச்சதா இருக்கட்டும்'னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"