ஆகாயப் பாம்பும் அரை சென்டிமீட்டரும்

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். காலையில் நெட்டை, மாலையில் குட்டை. மெழுகுவர்த்தி என்று சொல்லிவிடாதீர்கள். மெழுகுவர்த்தி மறுநாள் காலையில் மறுபடி வளராது. இது வளரும். அது என்ன?

யோசித்துக்கொண்டே படியுங்கள். எனக்கு விடை தெரியும். தெரிந்திருந்தும் மாட்டிக்கொண்டேன், அதுதான் கதை.

கடைகடையாகப் போய்த் தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. தராசுத் தட்டுக்கு அடியில் கடலையளவு மெழுகு ஒட்டியிருந்தாலும் விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். என்னைக் கண்டால் கடைக்காரர்களுக்கு நடுக்கம். எனக்கு யாரைக் கண்டால் நடுக்கம் என்பது வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

வீட்டில் நாங்கள் நால்வர். நான், என் மனைவி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன். மகளை வாலு என்று கூப்பிடுவோம். மகனை உருண்டை என்று கூப்பிடுவோம். இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை.

விடுமுறைக்கு ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். அங்கே ஆகாயப் பாம்பு என்று ஒன்று உண்டு. தண்டவாளம் நேரே வானத்துக்கு ஏறும். ஆள் ஏற்றிய பெட்டி உச்சியில் ஒரு கணம் நின்று யோசிக்கும். பிறகு தலைகுப்புறப் பாயும். ஏறும்போது மேலே இருப்பவர்களின் கூச்சல் கேட்கும். பாயும்போது கூச்சல்கூடக் கேட்காது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று வெளியே சொல்ல முடியாது. ஏனென்றால் இந்தப் பாம்பின் படத்தை வாலு முதன்முதலில் வீட்டில் காட்டியபோது, "நீயும் நானும் முதல் வரிசையில உக்காந்து, கையை மேல தூக்கிட்டே போவோம்" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். சோபாவில் சாய்ந்திருக்கும்போது நான் மிகவும் தைரியசாலி.

முதல் நாள் முடிந்தவரை இழுத்தடித்தேன். வாத்து ராட்டினம் என்றேன். சுழலும் கோப்பை என்றேன். பொம்மை ரயிலில் அதே குகைக்குள் திரும்பத் திரும்பப் போய்வந்தோம். பொழுது சாய்ந்தது. வாலு விடவில்லை. பாம்பின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

வரிசை நகரவில்லை. பிள்ளைகள் நெளிந்தார்கள். அவர்களை அடக்கத்தான் அந்த விடுகதையைப் போட்டேன். உங்களுக்குப் போட்ட அதே விடுகதைதான். வாலுவுக்கு விடை தெரியவில்லை. நானே சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? ஏன், எப்படி என்று காற்றில் படம் வரைந்து விளக்கினேன். மனைவி பக்கத்தில் உருண்டைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்குத் துடைக்கும்போதும் காது வேலை செய்யும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"ஏம்ப்பா உங்க கை ஈரமா இருக்கு?" என்றாள் வாலு.

"வெயில், கண்ணு."

"வெயிலே இல்லையே."

"மத்தியானம் அடிச்ச வெயில். இப்பத்தான் கைக்கு வந்து சேர்ந்திருக்கு."

வாசலில் ஒரு மர ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உச்சந்தலை அந்த நாக்கைத் தொட்டால் உள்ளே போகலாம். வாலு செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றாள். தொடவில்லை. சீருடை போட்ட பெண், "கொஞ்சம்தான் பாப்பா, அடுத்த தடவை" என்றாள். தொழில் புத்தி போகுமா? என் பையிலிருந்த டேப்பை எடுத்து நானே அளந்தேன். சரியாக அரை சென்டிமீட்டர் குறைவு. அந்த அரை சென்டிமீட்டரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன்.

வாலு அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். என் மனைவி தண்டவாளத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாலுவைவிட அதிக நேரம் பார்த்தாள்.

விடுதி அறைக்குத் திரும்பியதும் விசாரணை தொடங்கியது.

"ஏங்க, அடி தடிச்ச செருப்பா ஒண்ணு வாங்கிப் போட்டா?"

"செருப்பைக் கழட்டித்தான் அளக்கிறாங்க. தெரிஞ்சே பண்ணினா அளவு மோசடி."

"உச்சியில கொண்டை போட்டுவிட்டா?"

"கலப்படம்."

"கொஞ்சம் எக்கி நின்னா?"

"இங்க பாரு. நான் யாரு? என் பொண்ணே திருட்டு அளவு காட்டினா, நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கடைக்காரன் முன்னாடி நிப்பேன்?"

"அப்போ நேர்மையான உயரமா இருந்தா உங்களுக்கு ஆட்சேபணை இல்லை?"

"நேர்மையா வளரட்டும். நானே தூக்கி முதல் வரிசையில உக்கார வைக்கிறேன். பக்கத்துல நானும் உக்காருறேன். இது சத்தியம்."

"வாலு, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்."

எந்தக் குழந்தை விடுமுறை முடிவதற்குள் வளரும்? அதனால் வாக்கைத் தாராளமாகவே கொடுத்தேன். இருந்தாலும் ஒரு பயம். மறுநாளே அங்கே போனால் மறுபடி பாம்பு, மறுபடி கண்ணீர். எங்கள் டிக்கெட் இரண்டு நாளுக்கு. நடுவில் ஒரு நாள் விட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் கண்ணில் படாமல் இருந்தால் குழந்தை பாம்பை மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"எல்லாரும் கேளுங்க!" என்று கட்டில்மேல் ஏறி நின்று அறிவித்தேன். "நாளைக்கு முழு ஓய்வு. யாரும் எங்கேயும் போகக் கூடாது. குழந்தைகளோட உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு வாலுவைப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரிங்க" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து நான் கேட்டிராத சொற்கள். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டுவிட்டேன்.

மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கலாம் என்றிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாகத் தோளில் ஒரு தட்டு.

"எழுந்திருங்க. ஓய்வு நாள்."

"அதனாலதான் தூங்கறேன்."

"நீங்க தூங்கிட்டா ஓய்வை யாரு கவனிக்கிறது? வாலு, நீ இன்னைக்குக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. மல்லாந்து படுத்தே இருக்கணும்."

"எதுக்கும்மா?"

மனைவி அவள் காதில் ஏதோ சொன்னாள். வாலுவின் கண் விரிந்தது. உடனே பலகை மாதிரி நீட்டிப் படுத்துக்கொண்டாள். ஊஞ்சலில்கூட ஒழுங்காக உட்காராத பிள்ளை! என் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மதிப்பா என்று எனக்குக் கண் கலங்கியது.

கலங்கிய கண்ணைத் துடைக்க நேரமில்லை. படுத்திருக்கும் குழந்தைக்குப் பால் வேண்டும். உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படக்கதை வேண்டும். புத்தகத்தை அவள் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்று பக்கம் பக்கமாகப் படித்தேன். கை கடுத்தது. காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பொம்மலாட்டம் காட்டினேன்.

"அப்பா, பாத்ரூம்."

"போயிட்டு வா, கண்ணு."

"ஏங்க, என்ன இது? தரையில கால் படலாமா? தூக்கிட்டுப் போங்க."

"நடந்தா என்ன?"

"முழு ஓய்வுன்னு சொன்னது நீங்களா, நானா?"

தூக்கிக்கொண்டு போனேன். தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று முழுவதும் அதேதான்.

உருண்டைக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது. அவனுக்கு வாத்து ராட்டினம் வேண்டும். இல்லையென்றால் அறை அதிரும். ஆகவே நான் வாத்தானேன். அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே முழங்காலால் நடந்தேன். வெறுமனே நடந்தால் ஒப்புக்கொள்ள மாட்டான். கத்த வேண்டும். நான் "குவாக், குவாக்" என்று கதவை நெருங்கிய நேரத்தில் அறையைத் துடைக்க வந்த பெண் கதவைத் திறந்தாள். கீழே பார்த்தாள்.

"நான் அப்புறமா வரேன் சார்" என்று மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, தேநீர் குடித்தபடி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். என் திட்டப்படி அன்று உண்மையிலேயே ஓய்வெடுத்த ஆள் ஒருவர் இருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிற்பகலில், "ஏங்க, உங்க டேப்பைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இந்த ஜன்னல் திரை அழகா இருக்கு. நம்ம வீட்டுக்கும் இதே அளவுல தைக்கலாமே."

கொடுத்தேன். சற்று நேரத்தில் கட்டில் பக்கமிருந்து வாலு சிரிக்கும் சத்தம் கேட்டது. திரையை அளந்தால் வாலுவுக்கு ஏன் கூச வேண்டும்? கேட்டிருப்பேன். வாத்துக்குப் பேச்சு வராது.

ஆனால் ஒன்று. பொழுது போகும்வரை வாலு பாம்பைப் பற்றி மூச்சே விடவில்லை. மறந்துவிட்டாள்! இடுப்பு இரண்டாக ஒடிந்தாலும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பார்க்குக்குக் கிளம்பும்போது வாலுவைக் காணோம். பார்த்தால், உருண்டையின் தள்ளுவண்டியை முழுதாகச் சாய்த்து, அதில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"இவ எதுக்கு இதுல?"

"தூக்கக் கலக்கம்ங்க. பாவம்."

"அப்போ உருண்டை?"

உருண்டை அதற்குள் என் தோளில் ஏறிவிட்டான்.

வாசல் திறந்ததும் முதலில் நுழைந்தது நாங்கள்தான். மனைவி வண்டியைத் தள்ளிய வேகத்தில் வாத்து ராட்டினம் பின்னால் போனது. சுழலும் கோப்பை பின்னால் போனது. "ஏம்மா, வழி தப்பு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வண்டி ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் போய் நின்றது.

"வாலு, மெதுவா எழுந்திரு. குதிக்காதே. செருப்பைக் கழட்டு. குதிகாலை ஒட்டி நில்லு."

வாலு நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு அவள் உச்சந்தலையைத் தொட்டது.

"அட, வளந்துட்டியே பாப்பா!" என்றாள் சீருடைப் பெண்.

"பொறுங்க!" என்றேன். டேப்பை எடுத்தேன். செருப்பு இல்லை. கொண்டை இல்லை. எக்கவும் இல்லை. அளந்தேன். மறுபடி அளந்தேன். சரியாக இருந்தது. நூலளவு அதிகமாகவே இருந்தது.

"என்ன சார், எடைக்கல்லு சரியா இருக்கா?" என்றாள் மனைவி.

"இது எப்படி?"

"வாலு, அப்பாவுக்கு ஒரு விடுகதை. காலையில நெட்டை, சாயங்காலம் குட்டை. அது என்ன?"

"மனுஷங்க!" என்று வாலு கத்தினாள். "முதுகெலும்புக்கு நடுவுல குட்டிக் குட்டித் தலையணை இருக்கு. நாள் பூரா நின்னா அமுங்கிடும். படுத்தா உப்பிடும். நீங்கதானேப்பா சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். ஓய்வு என்று கட்டில்மேல் நின்று அறிவித்ததும் நான்தான். பாத்ரூமுக்குத் தூக்கித் தூக்கி, அந்தக் குட்டித் தலையணைகளைக் கசங்காமல் காப்பாற்றியதும் நான்தான்.

"பெரியவங்க ஒருத்தர் கூடப் போகணும்" என்றாள் சீருடைப் பெண். "இன்னொருத்தர் சின்னவரைப் பார்த்துக்கணும். யாரு போறீங்க?"

"அவங்கப்பாதான்" என்றாள் மனைவி. கண் மட்டும் தண்டவாளத்திலேயே இருந்தது. "சத்தியம் பண்ணியிருக்காரு."

உருண்டையைத் தோளிலிருந்து இறக்கினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன். டேப்பைக் கொடுத்தேன். பர்ஸைக் கொடுத்தேன்.

"பர்ஸ் எதுக்குங்க?"

"இருக்கட்டும். வீட்டுச் சாவியையும் நீயே வச்சுக்கோ. சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது. ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணிடு."

"என்னங்க, போருக்கா போறீங்க?"

"சொன்ன சொல் மாறமாட்டேன்." குரல் எங்கிருந்தோ மெல்லியதாக வந்தது. "வா வாலு. முதல் வரிசை."

அதற்குள் எங்களைத் தாண்டிப்போய் ஏறியவர்களோடு மேலே ஒரு பெட்டி பாய்ந்தது. கூச்சல் நின்றது.

மனைவி குனிந்தாள். "வாலு, நீயே சொல்லு. யாரோட போறே?"

வாலு என்னை அண்ணாந்து பார்த்தாள். என் வலது கையைப் பிடித்து, மடக்கியிருந்த விரல்களைப் பிரித்தாள். தராசுத் தட்டை நான் தடவிப் பார்ப்பதுபோல உள்ளங்கையை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். தன் கவுனில் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு உருண்டையின் கையைக் கொண்டுவந்து அதில் வைத்து மூடினாள். போன உயிர் அந்தப் பிசுபிசுத்த விரல்கள் வழியாகத் திரும்பி வந்தது.

"வாத்து" என்றான் உருண்டை.

வாலு அம்மாவைத் தேர்ந்தெடுத்தாள்.