பிளேன் நானா சொன்ன மூன்று மணித்தியாலம்

திருகோணமலையில் மணிக்கூட்டை நம்பியவர்களைவிடப் பிளேன் நானாவை நம்பியவர்கள்தான் அதிகம். மூதூர்ப் படகு வந்து சேரும் துறையடியில் ஆட்டோ ஓட்டுகிற மனிசன். ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், நடுவில் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். வீட்டுக்கொருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவருடைய ஆட்டோவோ, நடுவீதியில் படுத்திருக்கும் மான்களுக்கெல்லாம் வழிவிட்டுத்தான் போகும். பின்னாலிருந்து நான் பெருமூச்சு விட்டால், "தம்பி, நீங்க சீனக்குடாவில பிளேன் ஏறியிருந்தா இப்ப கொழும்பில தேத்தண்ணி குடிச்சிருப்பீங்க" என்பார். எனக்கு இன்னும் களைத்துப்போகும்.

ஒருமுறை அவருடைய மச்சான், கட்டாரிலிருந்து கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு நாலரை மணித்தியாலம் என்று சும்மா சொல்லிவிட்டார். நானா ஆட்டோவை நிறுத்திவிட்டார்.

"அஞ்சு. மிச்ச அரை மணித்தியாலத்தைக் கடல்லயா போட்டீங்க?"

இரண்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை.

போன வருசம் ஒரு விடியற்காலையில் உம்மா மௌத்தானார். கட்டாரில் இருந்த என் தம்பிக்கு எங்கள் நேரப்படி காலை எட்டரைக்குத்தான் பிளேன். "உம்மாட முகத்தை ஒருக்காப் பாக்கணும், அடக்கிராதீங்க" என்று போனில் அழுதான்.

பெரிய மாமா விடவில்லை. "மையித்தைக் காக்க வெக்கிறது சரியில்ல. பகல் லுஹறுத் தொழுகையோட அடக்கிருவம்."

உம்மாவோடு நான்கு நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் கிடந்த எனக்கு எதிர்த்துக் கதைக்கத் தெம்பில்லை. வானத்தில் ஐந்து மணித்தியாலம், கட்டுநாயக்கவிலிருந்து வீதியில் ஆறு. எப்படிக் கூட்டினாலும் பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகையும் தாண்டிவிடும். மாமா அவ்வளவு நேரம் பொறுக்கமாட்டார்.

முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த பிளேன் நானாவை மாமா கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்க. பிளேன் வர எவ்வளவு நேரம்?"

நானா என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"மூணு மணித்தியாலம், ஹாஜியார்."

"அஞ்சு எண்டெல்லோ கதை?"

"அது போகக்குள்ள. வரக்குள்ள காத்து முதுகுப் பக்கம். மஃரிபுக்கு முதல் பொடியன் வாசல்ல நிப்பான்."

அந்த மனிசன் சொன்னால் மறுபேச்சு ஏது? மாமா தலையாட்டினார்.

மஃரிபும் நெருங்கியது. "இறங்க இடமில்லாம மேல சுத்தினதாம்" என்றார் நானா. பிறகு ஹபரணையில் யானை மறித்ததாம், கந்தளாயில் டயர் போனதாம். மாமாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் இவ்வளவு பொறுத்தவர் மிச்சத்தையும் பொறுத்தார்.

ஏழரைக்குத் தம்பி வந்தான். உம்மாவின் முகத்தைப் பார்த்தான். இரவு இஷாத் தொழுகையோடு அடக்கினோம்.

திரும்பும்போது எல்லோருக்கும் கேட்க மாமா சொன்னார்: "உங்கட கணக்கு இவ்வளவுதான்."

"ஓம் ஹாஜியார், பிழைச்சிட்டு" என்றார் நானா.

அன்றோடு அவருடைய மவுசு போய்விட்டது. துறையடியில் இப்போது எல்லோரும் போனைத் தட்டிப் பார்க்கிறார்கள். மச்சான் கண்ட இடமெல்லாம் "மூணு மணித்தியாலம்!" என்று கூவுகிறார். உண்மையை எழுதப்போகிறேன் என்று நானாவிடம் சொன்னேன். "சும்மா இருங்க தம்பி. எழுதினா என்ட ஆட்டோவில உங்களுக்கு இடமில்ல" என்றார்.

அந்த மனிசனைக் கணக்குத் தெரியாதவர் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க இனி எனக்கு ஏலாது. எழுதிவிட்டேன், நானா. நான் நடந்தே போய்க்கொள்கிறேன்.