அரைப்புள்ளியில் ஒரு ஜலகண்டம்

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியை மடியில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. பெண்ணை விட்டுவிட்டு அவள் தங்கையைப் பார்த்து இளித்து வைத்தவர்கள் உண்டு. காபி ஆறுவதற்குள் செத்தே போனவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த சங்கதி. ஆதம்பாக்கத்தில் வீடு, உரக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. ஜாதகத்தில் எல்லாம் யோக்கியமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு ஜலகண்டம் மட்டும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதாவது, கல்யாண வயதில் தண்ணீரால் உயிருக்கு ஆபத்து. அம்மா என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாலும் சுண்டல் விற்கிற இடத்தோடு நிறுத்திவிடுவாள். (அண்டா நிரம்பியிருந்தால்கூடச் சற்றுத் தள்ளி நின்றுதான் நான் மொண்டுகொள்ள வேண்டும்.) வந்த வரன்களெல்லாம் இந்தக் கண்டத்தில் முட்டிக்கொண்டு திரும்பிப் போயின. கடைசியாக மயிலாப்பூரிலிருந்து ஒன்று வந்தது. பெண் பெயர் வித்யா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தபால் இலாகாவில் ரிடையரான அவள் அப்பாவும் கண்டத்தைப் பார்த்துத் தயங்கினார்தான். "சரி, நேர்ல வரட்டும், பார்க்கலாம்" என்று இழுத்தாற்போல் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆட்டோவில் போனோம். அம்மா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கண்ணில் படும் இங்கிலீஷை உரக்க வாசித்து, வாசித்த கையோடு தமிழில் அர்த்தமும் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் "நோ பார்க்கிங், வண்டிகளை நிறுத்தாதீர்", "கோ ஸ்லோ, மெதுவாகச் செல்க" என்று பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டாள்.

"இன்னாம்மா, எனக்கு லைசன்ஸ் டெஸ்ட்டு வெச்சிக்கினு வர்றியா?" என்றார் ஆட்டோக்காரர். அப்பா வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

வித்யாவைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. இவள் இல்லையென்றால் காவி கட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்கிற அளவுக்கு. ஆனால் அவள் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று மனிதர் ஒத்திகை பார்க்கிறார்! ஏதாவது செய்து அசத்திவிடுவது என்று முடிவு கட்டினேன். (இந்த மாதிரி முடிவுகள் எனக்கு ஒருநாளும் நல்லபடியாக முடிந்ததில்லை.)

"இவ ஆத்துலயே கம்ப்யூட்டர் வெச்சிருக்கா. உங்களுக்கும் பழக்கம் உண்டோ?" என்று ஒப்புக்குக் கேட்டார்.

"அத்துப்படி, மாமா!"

அத்துப்படியாவது மண்ணாவது! எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏசி அறையில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாகச் சேவித்ததோடு சரி.

"அப்போ ரெண்டு பேரும் அந்த ரூம்ல போய்ப் பேசிண்டிருங்கோ" என்றார்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினோம். வித்யா ஒரு விளையாட்டைப் போட்டாள். பாதாளக் குகையில் இறங்கி, பூதங்களோடு சண்டை போட்டு, அடியில் இருக்கும் புதையலை எடுத்து வர வேண்டுமாம். படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் பச்சை எழுத்துகள். ஜிலேபி மாதிரி சுற்றிக்கொண்டு ஓர் எழுத்து இருந்தது. அதுதான் நான்.

"பேர் என்ன போடட்டும்?"

"என் பேரையே போடுங்கோ. சுந்தர்."

"யாரா இறங்கறேள்? போர்வீரன், மந்திரவாதி, திருடன் எல்லாம் உண்டு. புதுசா ஆடறவாளுக்குப் போர்வீரன்தான் சௌகரியம். கத்தி, கவசம் எல்லாம் இருக்கும்."

"இருக்கறதுலயே எது கஷ்டம்?"

"டூரிஸ்ட். அவனுக்குச் சண்டையே வராது. நானே எடுக்க மாட்டேன்."

"அதையே போடுங்கோ."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டேன். டூரிஸ்டுக்குப் பூப்போட்ட சட்டை, கழுத்தில் கேமரா, பை நிறையப் பணம். மாட வீதியில் தேங்காய்க்குப் பேரம் பேசத் தெரியாமல் விழிக்கும் வெள்ளைக்காரனை அப்படியே அலாக்காகத் தூக்கிப் பாதாளத்தில் போட்டிருந்தார்கள். குகைக்குள்ளே இருந்த கடைக்காரன்கூட என் சட்டையைப் பார்த்ததும் விலையை ஏற்றினான். ஓர் எலி வந்து என்னைப் பிடுங்கி எடுத்தது. அதைக் கொன்றது நானல்ல, கூடவே வந்த நாய்க்குட்டி.

"பார்த்து! அது தண்ணி. ஓரமா நிக்காதேங்கோ" என்றாள் வித்யா.

எங்கே தண்ணீர்? திரையில் வரிசையாக அடைப்புக்குறிகள்தான் இருந்தன. "இதுவா? இதெல்லாம் நமக்கு ஜுஜுபி. ஒரு போட்டோ எடுத்துண்டு போவோம்" என்றேன்.

அடைப்புக்குறிகளுக்கு நடுவிலிருந்து ஓர் அரைப்புள்ளி எழும்பி வந்தது. கணக்குப் பிரிவில் இருக்கிறவன் அரைப்புள்ளிக்கா பயப்படுவான்? அது என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டது. "ஐயையோ, விலாங்கு! நகருங்கோ, நகருங்கோ!" என்று வித்யா பதற, எதை அமுக்கினால் நகரலாம் என்று நான் தடவ, அரைப்புள்ளி என்னைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது. திரையில் ஒரு கல்லறை முளைத்தது. அதில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

அந்த நேரம் பார்த்தா அம்மா "காபி ஆறிப் போறதே" என்று உள்ளே வர வேண்டும்? அவள் கண்ணில் இங்கிலீஷ் பட்டுவிட்டது. வகுப்பறைக் குரலில் கணீரென்று வாசித்தாள். வாசித்த கையோடு, "இங்கே உறங்குவது சுந்தர். தண்ணீரில் மூழ்கி மாண்டான்" என்று கூடத்துக்கே கேட்கும்படி அர்த்தமும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் சுந்தர் யாரென்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ, என் கொழந்தே!" என்று என்னையே கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சுபகாரியம் பேச வந்த வீட்டில் மாப்பிள்ளை பெயரில் சமாதி! ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருந்த மனிதர். இனி இந்த வீட்டுப் படியை நான் மிதித்த மாதிரிதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வித்யாவின் அப்பா எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"எப்படிப் போனார்?" என்றார் மகளிடம்.

"விலாங்கு இழுத்துண்டு போயிடுத்துப்பா."

"ஜலத்துலயா?"

"ஜலத்துலதான்."

"திரும்பி வரலாமோ?"

"அதெல்லாம் முடியாது. இந்த விளையாட்டுல ஒரு தடவை போனா போனதுதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமாப்பா."

அன்றைக்கு முதல் தடவையாக மாமா என் முகத்தைப் பார்த்தார். அப்படியொரு சிரிப்பு! "அழாதேங்கோ மாமி! ஜலகண்டம் கழிஞ்சுது. இனிமே எனக்கென்ன பயம்? வித்யா, தாம்பாளத்தை எடுத்துண்டு வா, வெத்தலை பாக்கு மாத்திண்டுடலாம்" என்றார்.

வித்யா சிரித்தபடியே சமையல்கட்டுக்கு ஓடினாள். அப்பா ஒருவழியாக வாயைத் திறந்து, "பஜ்ஜி இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கல்லறையை மாமா தாளில் அச்சடித்து எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தன் ஜோசியருக்கே காட்டிவிட்டு வந்தார். (உலகத்திலேயே மஞ்சள் தடவிய சாவுச் செய்தி அது ஒன்றாகத்தான் இருக்கும்.) இப்போது எலியட்ஸ் பீச்சில் நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் அம்மா கவலைப்படுவதில்லை. "அவனுக்குத்தான் ஆயாச்சே!" என்று நிம்மதியாகச் சுண்டல் சாப்பிடுகிறாள்.

உங்கள் கல்யாணம் எப்படி நிச்சயமானது என்று யாராவது கேட்டால், வித்யா என்னைப் பேசவே விடுவதில்லை.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே மனுஷர் போயிட்டார். நான்தான் இத்தனை வருஷமா வெச்சுண்டு ஒப்பேத்திண்டிருக்கேன்" என்கிறாள்.